குத்து விழும் முன் ஒரு மூச்சு

“அந்த வாழைத்தண்டு என்னுது.”

“யாரு சொன்னா? நான்தானே மொதல்ல கை வெச்சேன்.”

தொம்மலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சின்னத்தாயியின் காய்கறி வண்டிக்கு முன்னால், ஒரே ஒரு வாழைத்தண்டின் இரண்டு முனைகளையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு முனையில் சங்கமித்ரா. மறுமுனையில்... நெட்டையாக, கண்ணாடி போட்டு, முதுகில் லேப்டாப் பையும் முகத்தில் சிடுசிடுப்புமாக ஒருவன். மேலே வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. பெங்களூரு மழைக்கு நேரம் நன்றாகவே தெரியும். ஆபீஸ் விட்டு ஜனம் தெருவுக்கு வருகிற வரை காத்திருந்துதான் அது வரும்.

“எங்கம்மாவுக்குக் கிட்னியில கல்லுங்க,” என்றான் அவன். “டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு. அத்தோட இந்த ஜூஸும் வேணும்னு அம்மா பிடிவாதம். இங்கேர்ந்து ஆனேக்கல் போகணும். ஸ்வல்ப... கொஞ்சம் விட்டுக்குடுங்க.”

அம்மா, கல் என்றதும் சங்கமித்ராவுக்கு மனசு கொஞ்சம் இளகியது. ஆனாலும் பிடியை விடவில்லை.

“எனக்கும் அவசரம்தாங்க. நாளைக்குக் காலையில ஒருத்தனுக்குக் கை ஒடையணும்.”

அவன் தண்டை விடாமலேயே ஓர் அடி பின்னால் போனான். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறாள்... பேச்சு இப்படி இருக்கிறதே என்று அவன் கண்கள் சொல்லின.

“இன்னா ரோதனைடா இது,” என்றாள் சின்னத்தாயி. “இந்தப் பொண்ணு தெனம் வந்து என் காயை ஒடச்சி ஒடச்சி காதுல வெச்சிப் பாக்குது. இப்ப நீ வேற வந்து சேந்தியா? குடுங்க இப்படி, ரெண்டா வெட்டித் தரேன்.”

“வெட்டாதீங்கக்கா. நானே ஒடைக்கிறேன்.”

சங்கமித்ரா தண்டைக் காதோரம் வைத்துக்கொண்டாள். கண்களை மூடினாள். பஸ்களின் ஹாரன், மேம்பால இரைச்சல், சின்னத்தாயியின் முணுமுணுப்பு... எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு அந்தத் தண்டை மட்டும் கேட்கப் போகிறவள் போல அசையாமல் நின்றாள். ஏனென்று தெரியாமல் அவனும் அசையாமல் நின்றான்.

மளுக்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. தன்னையறியாமல் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டான்.

சங்கமித்ரா கண்களைத் திறந்தாள். பெரிய கண்கள். மூடியிருந்தபோது சாதுவாக இருந்த முகத்தில் திறந்ததும் அப்படி ஒரு குறும்பு. அவன் மணிக்கட்டைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள். இதற்குத்தானே பத்துக் கடை ஏறி இறங்கினேன் என்கிற மாதிரி சிரித்தாள்.

“கரெக்டா வந்திருக்கு. இந்தாங்க உங்க பாதி. அம்மாவை நல்லாப் பாத்துக்குங்க.”

முதல் துளி அவன் கண்ணாடியில் விழுந்தது. துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் அவள் குடையைப் பிரித்துக்கொண்டு சந்துக்குள் போய்விட்டாள். ஆனேக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் பாதி வாழைத்தண்டோடு, பேரைக்கூடக் கேட்கவில்லையே என்று அவன் தன்னைத் திட்டிக்கொண்டே போனான்.

பேர் தெரிய அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

மறுநாள் காலை. தொம்மலூரின் பழைய சந்து ஒன்றில், மாடியில் இருக்கிற சின்ன ஒலிப்பதிவுக்கூடம். சங்கமித்ராவின் ராஜ்ஜியம் அது. திரையில் யார் நடந்தாலும் இங்கே நடப்பது அவள். யார் யாரை அடித்தாலும் அடி இங்கே இருந்துதான் போகும். படப்பிடிப்பில் அடி எங்கே நிஜமாக விழுகிறது? காற்றில் கை வீசுவார்கள், எதிராளி கழுத்தைத் திருப்புவான், அவ்வளவுதான். அந்தக் குத்துக்கும், காலடிக்கும், சட்டை கிழிவதற்கும் திரையைப் பார்த்துக்கொண்டே சத்தம் செய்து கொடுப்பதுதான் அவள் வேலை. ஃபோலி என்பார்கள். தொம்மலூரில் அவள் தெருக்காரர்களுக்கு அது புரியாது. “சினிமாவுல ஃபைட் பண்ணுது” என்று சொல்லிவிட்டார்கள். அவளும் மறுக்கவில்லை.

அந்த அறையில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. எத்தனை ஓடினாலும், எத்தனை குத்துக் குத்தினாலும், அவளுடைய மூச்சு மைக்கில் விழுந்ததே கிடையாது. ஒவ்வொரு அடிக்கும் மூச்சை அடக்கி, சத்தம் அடங்கிய பிறகு மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பித்தான் விடுவாள். திரையில் இருப்பவர்களுடைய மூச்சை நடிகர்கள் டப்பிங்கில் கொடுத்துவிடுவார்கள். இவள் மூச்சு நடுவில் கேட்டால் அது பிழை.

அன்று ஒரு கன்னடப் படத்தின் கடைசிச் சண்டை வந்திருந்தது. இயக்குநர் ரக்ஷிதா சிவாஜி நகர்த் தமிழ்ப் பெண், அதட்டிப் பேசாமலே எல்லோரையும் வேலை வாங்குகிறவள். அவளுக்குப் பின்னால், படத்தின் எடிட்டர் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தவனைப் பார்த்ததும்... சங்கமித்ராவின் கையில் இருந்த பாதி வாழைத்தண்டு நழுவப் பார்த்தது.

“நீங்களா?” என்றான் அவன்.

“ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே தெரியுமா?” என்றாள் ரக்ஷிதா.

“பாதி தெரியும் மேடம்,” என்றாள் சங்கமித்ரா.

அவன் பெயர் நாகேஷ். இது அவனுடைய முதல் படம். இத்தனை வருஷம் யார் யாருக்கோ உதவி எடிட்டராக இருந்துவிட்டு, இப்போதுதான் தன் பெயர் திரையில் தனியாக வரப்போகிறது. அந்தப் பதற்றமும் பெருமையும் அவன் நடையிலேயே இருந்தன. நடையைப் பார்த்து ஆளைச் சொல்வது அவள் தொழில் அல்லவா... முதல் அடி வேகமாக, இரண்டாம் அடி தயங்கி. உள்ளுக்குள் பயந்த பிள்ளை என்று கணக்குப் போட்டுவிட்டாள். அந்தத் தயக்கம் அவளுக்குப் பிடித்தும் இருந்தது, ஆனால் அதை அப்போது அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

சண்டை ஓடியது. மூடிக்கிடக்கும் பட்டு ஆலை. நாயகனைச் சுற்றி அடியாட்கள், கடைசியில் வில்லன். பின்னணியில் டிரம்ஸ். டம் என்றால் ஒரு குத்து, டம் என்றால் ஓர் உதை. எல்லா வெட்டுகளும் தாளத்தில் கச்சிதமாக விழுந்தன.

“எப்படி இருக்கு?” என்றான் நாகேஷ். குரலில் பாராட்டை எதிர்பார்க்கிற மிதப்பு.

“தாளம் நல்லா இருக்கு. என் காலே ஆட ஆரம்பிச்சிடுச்சு.”

“தேங்க்ஸ்.”

“அதாங்க பிரச்சனையே. அடுத்த அடி எப்ப விழும்னு என் காலுக்கே தெரிஞ்சிபோச்சு. தெரிஞ்சிட்டு வர்ற அடிக்கு யாரு பயப்படுவா? எங்கயாவது ஒரு எடத்துல எல்லாத்தையும் நிறுத்திப் பாருங்களேன்...”

ரக்ஷிதா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைதான் நாகேஷைச் சுட்டது. முதல் படம்... இயக்குநர் முன்னால்... நேற்று வாழைத்தண்டு உடைத்தவள்...

“ஃபைட்டுல நிறுத்தினா ஜனம் போனை எடுத்துடுவாங்க,” என்றான். “நீங்க துணி தட்டற வேலையை மட்டும் பாருங்க. எங்க கட் பண்றதுன்னு நான் பாத்துக்கறேன்.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் அமல் தலையைக் குனிந்துகொண்டார். சங்கமித்ராவின் பெரிய கண்கள் ஒரு கணம் அவன் மேல் நின்றன, அப்புறம் திரைக்குப் போய்விட்டன.

“சரிங்க சார்.”

அதற்குப் பிறகு அவள் கோபத்தை எப்படிக் காட்டினாள் தெரியுமா? அவன் கேட்டதை அப்படியே செய்து கொடுத்தாள். ஈரக் கோணியில் குத்து, பழைய தோல் ஜாக்கெட்டில் அறை, தேங்காய் மட்டையில் உதை. ஒவ்வொன்றும் அவன் தாளத்தில், ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல். தன் யோசனையில் ஒரு துளிகூட அதில் சேர்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ரக்ஷிதாவுக்குச் சண்டையைப் போட்டுக் காட்டினார்கள். முடிந்ததும் அவள் கையில் இருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“நாகேஷ்... ஃபைட் ஓடும்போது நான் மெசேஜ் பாத்துட்டேன். என் படத்தையே பாக்காம மெசேஜ் பாத்திருக்கேன்.”

அவன் முகம் செத்துப்போயிற்று.

“வெள்ளிக்கிழமை புரொடியூசர் வர்றாரு. அவருக்குத் தெரிஞ்ச எடிட்டர் ஒருத்தர் ஹைதராபாத்துல ரெடியா இருக்காரு. இந்த ஃபைட் அவரைப் பிடிச்சு நிறுத்தலைன்னா படம் அங்க போயிடும். உன் பேரு இருக்காது. என்னால தடுக்க முடியாது. அதுக்குள்ள பண்ணு.”

கதவோரம் நின்றிருந்த சங்கமித்ரா இதைக் கேட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷம் வரும் என நினைத்தாள். வரவில்லை. ஹெட்ஃபோனை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்த அவன் விரல்களைப் பார்க்கப் பார்க்க நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. நல்லா வராது என்று தெரிந்தேதானே அடித்துக் கொடுத்தோம்...

“அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்றாள்.

“இருக்காங்க.” திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனான். வேகமான முதல் அடி, தயங்கிய இரண்டாம் அடி... படியில் இறங்கித் தெருவில் கலக்கும் வரை அந்த நடையை அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

ஆனேக்கலில் புதன்கிழமை காலை. நாகேஷ் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வெட்டைக்கூட அவனால் மாற்ற முடியவில்லை. எதைத் தொட்டாலும் அவள் குரல் கேட்டது. ‘நிறுத்திப் பாருங்களேன்...’

சமையலறையில் அம்மா லட்சுமம்மா மிக்ஸியில் வாழைத்தண்டு அடித்துக்கொண்டிருந்தாள். வீடே அதிர்கிற பழைய மிக்ஸி. அது ஓடும்போது டிவி கேட்காது, தெருவில் போகிற ஆட்டோ கேட்காது. காதைப் பொத்தாத குறையாக உட்கார்ந்திருந்தான்.

மிக்ஸி நின்றது.

அவன் அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தான். மூடியைத் திறக்கிற சத்தம். டம்ளர் வைக்கிற சத்தம். அம்மாவின் வளையல். தினமும் வருமே அந்த வரிசை... ஒன்றும் வரவில்லை. குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு.

“அம்மா?”

பதில் இல்லை. லேப்டாப் மடியிலிருந்து சரிந்ததுகூடத் தெரியாமல் ஓடினான். லட்சுமம்மா மேடையைப் பிடித்தபடி, இடுப்பில் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

“ஏனில்லடா... ஒண்ணுமில்ல. சுருக்குனு வலிச்சுது, போயிடுச்சு. உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?”

அவளை உட்கார வைத்தான். மாத்திரை கொடுத்து, சாயங்காலத்துக்கு டாக்டரிடம் நேரம் வாங்கி, கூட்டிப்போகச் சித்தியை வரவழைத்தான். எல்லாம் முடிந்த பிறகுதான் கீழே கிடந்த லேப்டாப்பை எடுத்தான். யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஒரு மிக்ஸி நின்றது, அவ்வளவுதான். அந்த ஒரு கணத்தில் அவன் பட்ட பயத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அவன் வெட்டிய சண்டையில் இல்லை.

“அம்மா, அந்தத் தண்டு ஒண்ணு முழுசா இருக்கா?”

“எதுக்குடா?”

“ஒருத்தருக்குக் குடுக்கணும்.”

லட்சுமம்மா மகனை ஏற இறங்கப் பார்த்தாள். “ஹுடுகி... பொண்ணு நல்லவளா?” என்றாள்.

“நல்லவதாம்மா. நான்தான்...” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஊரில் மற்றவர்கள் பெண்ணைப் பார்க்கப் போகும்போது பூ வாங்கிப் போவார்கள். நம் ஆள் செய்தித்தாளில் சுற்றிய வாழைத்தண்டோடு மாடிப்படி ஏறினான். மத்தியானம், வெயில் உச்சியில்.

சங்கமித்ரா அதைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“முழுசா?”

“முழுசா. நீங்க சொன்னதுதாங்க கரெக்ட்.” மிக்ஸி கதையைச் சொன்னான். அவள் சிரிப்பை மறந்துவிட்டாள். அம்மா இப்போது எப்படி இருக்கிறார், டாக்டர் யார், யார் கூட இருக்கிறார்கள் என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

“இதைத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்?”

“நீங்க நிறுத்துன்னு சொன்னீங்க. எங்கன்னு சொல்லல. சும்மனே நிறுத்தினா அது வெறும் ஓட்டைங்க. மிக்ஸி அந்த ஓட்டம் ஓடினதாலதான் நின்னது எனக்கு ஒறைச்சுது. மொதல்ல ஏத்தணும்... ஏத்தி ஏத்தி, ஷாட்டைச் சின்னதாக்கிகினே போய், இனிமே தாங்காதுங்கற எடத்துல டக்குனு விட்டுடணும். அந்த எடத்தை நான் கண்டுபிடிக்கிறேன். உள்ள என்ன கேக்கணும்னு நீங்க சொல்லுங்க.”

அவள் அவனைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். தன் யோசனைக்கு இன்னொருவன் பாதி சேர்த்துத் தருவது அவளுக்குப் பழக்கமில்லை.

“உக்காருங்க,” என்றாள். “ஆனா வேலையை மட்டும் பேசுவோம்.”

வேலையை மட்டும் பேசினார்கள். டிரம்ஸ் போயிற்று. அதன் இடத்தில் பட்டு ஆலையின் சங்கிலிகள் வந்தன, தகரக் கதவு வந்தது, ஓடுகிற கால்கள் வந்தன. அவன் ஒவ்வொரு காட்சியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கிக்கொண்டே போனான். அவள் காலடிகளை நெருக்கிக்கொண்டே போனாள். எங்கே அடி விழும் என்று எதிர்பார்க்கிறோமோ அங்கே விழவில்லை. எதிர்பார்க்காத நேரத்தில் தோளில் விழுந்தது. பிறகு நாயகனும் வில்லனும் நேருக்கு நேர் வருகிற இடத்தில் எல்லாச் சத்தமும் ஒரேயடியாக நின்றது. நாயகனின் முகம் மட்டும். அவன் அந்த முகத்தை வெட்டாமல் அப்படியே விட்டான். அவள் அதற்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணீரும், மணலில் மெல்லத் திரும்புகிற ஒரு செருப்பும் மட்டும் வைத்தாள். அதற்குப் பிறகு, வில்லனின் கையை முறிக்கிற அந்தக் குத்து. அதற்குக் கோணி வேண்டாம், ஜாக்கெட் வேண்டாம். ஆனேக்கல் வாழைத்தண்டு போதும்.

“இன்னும் ஏதோ கொறையுது,” என்றான் நாகேஷ். “அந்த அமைதி நல்லா இருக்கு. ஆனா அதுல ஆள் இல்ல.”

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. என்ன குறை என்று சொல்லத் தெரியவில்லை. சொல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அந்தக் கூடத்தின் கூரை ஷீட் போட்டது. மழை பெய்தால் பதிவு கிடையாது, டீதான். அமல் மூன்று டம்ளர் கொண்டுவந்தார். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தன் டம்ளரோடு தன் அறைக்கே போய்விட்டார். விவரம் தெரிந்த மனுஷன்.

“அன்னிக்கு நான் சொன்னது...” என்று ஆரம்பித்தான் நாகேஷ்.

“துணி தட்டற வேலை.”

“அதாங்க. ரொம்பத் தப்பு.”

“ஏன் சொன்னீங்க?”

அவன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நீங்க சொன்னது சரின்னு அப்பவே தெரிஞ்சிடுச்சு. அதான் கோவம் வந்துச்சு.”

இப்படி ஒருவன் ஒப்புக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தண்டச்சோறு, திமிர் பிடித்தவன் என்று மனசுக்குள் வைத்திருந்த திட்டெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“நானும் ஒண்ணும் ஒழுங்கில்ல,” என்றாள். “நல்லா வராதுன்னு தெரிஞ்சேதான் அடிச்சிக் குடுத்தேன். உங்க முதல் படம்னு யோசிக்கல. அதை நெனச்சி நெனச்சி... தூக்கம் வரல.”

கூரையில் மழை கொட்டியது. இருவரும் டீ குடித்தார்கள். பேச எவ்வளவோ இருந்தது. வேலையை மட்டும் பேசுவோம் என்று சொன்ன வாயைக் கடித்துக்கொள்ள வேண்டும் போல அவளுக்கு இருந்தது.

மழை விட்டது. ஸ்பீக்கரில் அமல் குரல் வந்தது. “ரெண்டு பேரும் அப்படியே இருங்க. மழை விட்ட சூட்டோட ரூம் டோன் எடுத்துடறேன்.”

காலி அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. சுவருக்கு, காற்றுக்கு, விளக்குக்கு. அதை ஒரு நிமிஷம் பதிவு செய்து வைத்துக்கொண்டு, அமைதியான இடங்களுக்கு அடியில் விரிப்பார்கள். அது இல்லாவிட்டால் அமைதி செத்த அமைதியாகிவிடும். அந்த ஒரு நிமிஷம் அறையில் யார் இருந்தாலும் அசையக் கூடாது, இருமக் கூடாது, கால் மாற்றக் கூடாது. சங்கமித்ராவுக்கு இது கைவந்த கலை. கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். நிமிஷம் போவதே தெரியாது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

இன்றைக்கு ஏனோ அவள் கண்ணை மூடவில்லை. எதிரே நாகேஷ் நின்றிருந்தான். கையில் காலி டம்ளர், அதைக் கீழே வைக்கக்கூட நேரம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண்கள் அவளையே பார்த்தன. வேறெங்கே பார்ப்பது... திரும்பினால் சத்தம் வருமே. அவளும் பார்த்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த முடி. சிடுசிடுப்பு என்று நினைத்தாளே, அது வெறும் கூச்சம். மழைக்குப் பிறகு ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் அவன் முகத்தில் பாதியில் விழுந்திருந்தது. பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கே என்று மனசு சொன்னது. சீ, என்ன நினைப்பு என்று இன்னொரு மனசு அதட்டியது. அதட்டலை யாரும் மதிக்கவில்லை.

விளக்கு அணைந்தது.

“யாரோ மூச்சு விட்டுட்டீங்க,” என்றார் அமல். “ஓட்டப்பந்தயம் ஓடின மாதிரி. கேளுங்க.”

ஸ்பீக்கரில் வந்தது. காலி அறையின் மெல்லிய இரைச்சல், அதற்கு மேலே ஒரு மூச்சு. முதலில் சின்னதாக, பிறகு வேகமாக, நடுவில் ஓர் இடத்தில் தடுக்கி நின்று, மறுபடி ஓடிய மூச்சு.

சங்கமித்ராவுக்குக் காது மடல் எரிந்தது. மைக் யார் பக்கம் திரும்பியிருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

“அவருதான்,” என்றாள் அவசரமாக. “மாடி ஏறி வந்தாருல்ல.”

“மத்தியானம் ஏறினதுக்குச் சாயங்காலம் மூச்சு வாங்குதா?” என்றார் அமல்.

அவன் மறுப்பான், மானம் போகும் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் நாகேஷ் அமைதியாகச் சொன்னான்.

“என்னுதுதான் அமல்ணா. ஸாரி. நான் வெளிய போறேன், மறுபடி எடுத்துக்கோங்க.”

“பழசை அழிச்சிடுங்க,” என்றாள் சங்கமித்ரா.

வெள்ளிக்கிழமை. தயாரிப்பாளர் மஞ்சுநாத் முன் வரிசையில் உட்கார்ந்தார். ஒரு கையில் டீ, மறு கையில் பிஸ்கட், சட்டைப் பையில் போன். பக்கத்தில் ரக்ஷிதா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாகேஷ் ஓரத்தில், ஹெட்ஃபோனை மடித்துப் பிரித்துக்கொண்டு. சங்கமித்ரா பின்னால் சுவரில் சாய்ந்து நின்றாள். நேற்று முழுதும் அவன் தனியாக உட்கார்ந்து கடைசி வேலை பார்த்தான், அவள் இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை. கடவுளையும் புத்தரையும் சேர்த்து வேண்டிக்கொண்டாள். அவன் பேர் வரணும். அவன் பேர் திரையில வரணும்.

சண்டை ஆரம்பித்தது. சங்கிலிகள், தகரம், கால்கள். மஞ்சுநாத் பிஸ்கட்டை டீயில் தோய்க்கக் கையைக் கொண்டுபோனார். காலடிகள் நெருங்கின. காட்சிகள் குறுகின. சத்தம் ஏறியது, ஏறியது, இனி தாங்காது என்கிற இடத்தில்...

எல்லாம் நின்றது.

நாயகனின் முகம். ஒரு சொட்டுத் தண்ணீர். மணலில் திரும்பும் செருப்பு. அதோடு, அவள் வைக்காத ஒன்று.

ஒரு மூச்சு. சின்னதாகத் தொடங்கி, வேகமாகி, நடுவில் தடுக்கி...

சங்கமித்ரா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய மூச்சு. இருட்டில் அத்தனை பேரும் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சுநாத்தின் பிஸ்கட் டீக்கு மேலே அப்படியே நின்றது. யாரும் இருமவில்லை. யாரும் போனை எடுக்கவில்லை. மூச்சு தடுக்கிய இடத்தில் நீண்டது அமைதி... நீண்டது...

மளுக்.

மஞ்சுநாத் துள்ளிவிட்டார். பிஸ்கட் டீக்குள் விழுந்தது. ரக்ஷிதா தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

விளக்குப் போட்டதும் மஞ்சுநாத் டீயை எட்டிப் பார்த்தார், பிறகு நாகேஷைப் பார்த்தார். “ஹைதராபாத் பேடா, வேணாம்,” என்றார். “இந்தப் பையனே முடிக்கட்டும்.”

ரக்ஷிதா நாகேஷின் முதுகில் தட்டினாள். அவன் யாரையும் பார்க்கவில்லை. பின்சுவரைப் பார்த்தான். அங்கே அவள் இல்லை.

மாடிப்படியில் நின்றிருந்தாள். வெளியே மழை தொடங்கியிருந்தது, நடுப்படி வரை சாரல் அடித்தது. பின்னால் காலடி கேட்டது. திரும்பாமலே தெரிந்தது யார் என்று. ஆனால் இன்று அந்த இரண்டாம் அடி தயங்கவில்லை.

“அழிக்கச் சொன்னேன்ல?” என்றாள்.

“சொன்னீங்க.”

“யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“அது என் மூச்சுதானேங்க? நீங்கதானே சொன்னீங்க. என் மூச்சை என் ஃபைட்டுல போட்டுக்க நான் யாரைக் கேக்கணும்?”

சாரல் அவள் முகத்தில் பட்டது. நாகேஷ் ஒரு படி இறங்கி அவளுக்குச் சமமாக வந்து நின்றான். அவன் குரலில் விளையாட்டுப் போய்விட்டிருந்தது.

“நேத்தே வந்து கேட்டிருக்கணும். கேட்டா வேணாம்னுடுவீங்களோன்னு பயம். வேணாம்னா சொல்லுங்க, இப்பவே உள்ள போய் எடுத்துடறேன். ஃபைட் நிக்கலைன்னா பரவால்ல. ஹைதராபாத்துக்கே போகட்டும்.”

அவள் நிமிர்ந்தாள். பொய் சொல்கிறானா என்று பார்த்தாள். அந்தக் கண்களில் பொய் இல்லை. இத்தனை வருஷம் காத்திருந்த பெயரை அவன் நிஜமாகவே தூக்கி அவள் கையில் வைத்துவிட்டு நின்றான்.

“எடுக்க வேணாம்,” என்றாள். அப்புறம் மழையைப் பார்த்துக்கொண்டு, மெல்ல, “அது... உங்க மூச்சில்ல. என்னுது. என் டிராக்ல இதுவரைக்கும் ஒருநாளும் விழுந்ததில்ல. அன்னிக்கு உங்களைப் பாத்துகினு நின்னேனா... அடங்கவே மாட்டேன்னுடுச்சு. எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. போதுமா? அதான் அவ்ளோ வேகம்.”

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

“தெரியும்,” என்றான். “அமல்ணாகிட்ட வாங்கி, ரெண்டு நாளா ஆனேக்கல் பஸ்ல அதைத்தான் போட்டுக் கேட்டுகினு போறேன்.”

“உங்களுக்கு... எப்படித் தெரியும்?”

“என்னுதா இருக்க முடியாதுங்க, சங்கமித்ரா. அந்த ஒரு நிமிஷம் பூரா நான் மூச்சே விடல.”